கையால் வரைந்த ஒரு தாளின் விலை

(எம். புதுப்பட்டியில் கூடிய ஆதரவாளர் கூட்டத்தில், ஓவியங்கள் ஏலத்துக்கு வைக்கப்படுவதற்கு முன் எங்கள் ஆஸ்பத்திரி சார்பில் பேசியது)



இன்னும் சற்று நேரத்தில் ஏலம் ஆரம்பமாகும். ஏலத்தைப் பற்றி உங்களுக்கு நாங்கள் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. வருஷா வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகையில் நீங்கள் பார்க்காத ஏலமா? தோட்டத்தில் முதலில் காய்த்த பூசணிக்காய், வீட்டில் வளர்த்த சேவல், ஒரு தார் வாழை, ஒரு படி எள். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவுகிறவர் மூச்சு வாங்குவதற்குள் ஐம்பது ரூபாய்ப் பூசணிக்காய் ஐந்நூறுக்குப் போய்விடும். எடுத்தவரே அதைத் திரும்பக் கொடுத்து, "இன்னொரு தடவை ஏலம் விடுங்க" என்பார். அங்கே பூசணிக்காயின் விலை என்ன என்று ஒருவரும் கணக்குப் பார்ப்பதில்லை. கொடுக்கிற மனசே விலை.

இன்றைக்கு இந்தச் சுவரோரம் மாட்டியிருப்பவை வேறு வகை. இவை கையால் வரைந்த வாட்டர் கலர் ஓவியங்கள், பென்சில் சித்திரங்கள். எல்லாமாக இருபத்துமூன்று. பூசணிக்காயை ஏலம் விடுகிற மாதிரி இவற்றை ஏலம் விடக் கூடாது என்பதை நாங்கள் ஒரு தவறு செய்து கற்றுக்கொண்டோம். அதை முதலில் உங்களிடம் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு விற்பனையில், நல்ல தேக்குச் சட்டம் போட்ட அருவிப் படம் ஒன்று காணிக்கையாக வந்தது. பார்த்தவுடன் கையால் வரைந்த ஓவியம் என்று நம்பினோம். சீட்டிலும் அப்படியே எழுதினோம். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் மூவாயிரம் ரூபாய் கொடுத்து அதை எடுத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்து அச்சகத்தில் வேலை பார்க்கும் அவருடைய உறவினர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "இது ஆப்செட் பிரிண்ட், ஓவியமில்லை" என்று சொல்லிவிட்டார். நாங்கள் பணத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். அவர் வாங்க மறுத்தார். "நான் குடுத்தது ஆஸ்பத்திரிக்கு. அதைத் திருப்பி வாங்க மாட்டேன். ஆனா ஓவியம்னு எழுதினா அது ஓவியமா இருக்கணும் சார்" என்றார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு ஒருவேளை சுலபமாக இருந்திருக்கும்.

நல்ல காரியத்துக்குத்தானே என்ற எண்ணம் எங்கள் கண்ணை மறைத்திருக்கிறது. ஆகவே இந்தத் தடவை ஒவ்வொரு தாளையும் சோதித்திருக்கிறோம். நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். அந்த மேஜைமேல் ஒரு பூதக்கண்ணாடி இருக்கிறது. ஆப்செட் அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்காக வரிசைபோட்டு நிற்கும். கையால் வரைந்த தாளில் புள்ளி வரிசை இருக்காது. நிறம் தண்ணீரோடு ஓடி, ஓரத்தில் தேங்கிக் காய்ந்த கோடு தெரியும். வெளிர் நிறத்துக்கு அடியில் பென்சில் கோடு தெரியும். வெள்ளை வைத்த இடத்தைச் சாய்த்துப் பார்த்தால் சாயம் சற்று மேடாக இருக்கும். திருத்திய இடங்கள் இருக்கும். அவற்றைக் குறை என்று எண்ண வேண்டாம், அவைதான் கையின் சாட்சி.

இப்போது, இந்த ஓவியங்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்ல வேண்டும்.

நம்முடைய ஊர்ப்பக்கத்துக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். மழை பொய்க்கும் கரிசல் பூமிக்குத் தீப்பெட்டி சோறு போட்டது. பிறகு பட்டாசு வந்தது. தீப்பெட்டிக்கு மேல் ஒட்ட லேபிள் வேண்டும், வெடிக்கட்டுக்கு மேல் ஒட்ட லேபிள் வேண்டும் என்றுதான் சிவகாசியில் அச்சுத்தொழில் வேர் பிடித்தது. லேபிள் அடித்த அச்சகங்கள் காலண்டரும் அடித்தன. இந்தியாவில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்கிய காலண்டர் சிவகாசியில் அச்சானது. முருகன், மீனாட்சி, மெக்கா, இயேசு பெருமான், ரோஜாப்பூ, கொழுகொழுவென்ற குழந்தை என்று எல்லார் வீட்டுக்கும் ஏற்ற படம் இங்கிருந்து போனது.

லட்சக்கணக்கில் அச்சான அந்தப் படம் ஒவ்வொன்றுக்கும் முதலில் ஒரே ஒரு தாள் இருந்தது. அதை ஒரு மனிதர் குனிந்து உட்கார்ந்து தூரிகையால் வரைந்தார். அச்சகத்தார் அதை 'டிசைன்' என்பார்கள். காமிரா வைத்து நிறம் பிரிக்கும் வசதி வருவதற்கு முன்னால், லித்தோ காலத்தில், அந்தத் தாளைப் பார்த்து ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகக் கல்லிலோ தகட்டிலோ கையால் எழுதியெடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

இந்தக் காலண்டர் ஓவியத்தின் பெரிய ஆசான் நமக்கு அயலூர்க்காரர். கோவில்பட்டி சி. கொண்டைய ராஜுவைச் சொல்லுகிறோம். 1898-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் சில காலம் இருந்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிப் பிழைத்தவர். கம்பெனி கோவில்பட்டியில் கலைந்துபோனபோது அவர் அங்கேயே தங்கிவிட்டார். 1940-களில் அங்கே ஸ்டூடியோ வைத்தார். டி. எஸ். சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம், செண்பகராமன் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். சிவகாசி அச்சகங்களுக்கு இவர்கள் வரைந்த படங்கள் வீடுதோறும் போயின. சில படங்களில் குருவும் சீடரும் சேர்ந்தே கையொப்பம் இட்டிருக்கிறார்கள். 1976-இல் அவர் காலமானார். அவரைப் பற்றி வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலண்டர் அச்சுகளையே இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள்.

கொண்டைய ராஜுவுக்குப் பெயர் நின்றது. அச்சகத்துக்குள்ளேயே உட்கார்ந்து வரைந்த எத்தனையோ பேருக்கு நிற்கவில்லை. அவர்களில் ஒருவர்தான் இந்த ஓவியங்களை நமக்குக் கொடுத்தவர். இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். பெயரைச் சொல்லி அவரை எழுப்பிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் 'பெரியவர்' என்று மட்டும் சொல்லுகிறோம்.

பெரியவர் ஓர் அச்சகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆர்ட்டிஸ்டாக இருந்தவர். பதினான்கு வயதில் சாயம் கலக்கிக் கொடுக்கிற பையனாகச் சேர்ந்தாராம். கம்ப்யூட்டர் வந்த பிறகு டிசைன் போட ஆள் தேவைப்படவில்லை. பழைய டிசைன்களை எல்லாம் கட்டாகக் கட்டிப் பழைய பேப்பர்காரருக்குப் போடப் போனார்கள். "வேணும்னா எடுத்துக்கோங்க அண்ணாச்சி" என்று சொன்னதால், தான் வரைந்ததை மட்டும் பொறுக்கி எடுத்து, சைக்கிள் காரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவை பரணில் கிடந்தன. பாதியைக் கறையானும் ராமபாணப் பூச்சியும் தின்றுவிட்டன.

பட்டாசு வேலைக்குப் போன அவருடைய மனைவிக்கு இரண்டு கையும் வெந்துபோனபோது எங்கள் வார்டில்தான் நாற்பது நாளைக்கு மேல் இருந்தார்கள். 2012-இல் முதலிப்பட்டியையும், 2023-இல் ரெங்கபாளையத்தையும் பார்த்த நமக்கு அந்தக் காயத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அந்த அம்மா சுகமாகி வீட்டுக்குப் போனார்கள். இப்போது இரண்டு விரல் மடங்காது, ஆனாலும் பூக்கட்டுகிறார்கள். அவர்கள் வீடு போய் ஒரு மாதம் கழித்துப் பெரியவர் ஒரு பெரிய அட்டைக்கட்டோடு வந்தார். "பில்லுக்குப் பதிலா இல்ல. பில்லு கட்டியாச்சு. இது சும்மா" என்றார்.

கட்டைப் பிரித்தோம். வெடிக்கட்டு லேபிளுக்குப் போட்ட குருவி, மயில், ராக்கெட்டில் ஏறிப் போகிற சிறுவன். தீப்பெட்டிக்குப் போட்ட மாம்பழம், கப்பல். காலண்டருக்குப் போட்ட குற்றாலச் சாரல், கிளியோடு ஒரு குழந்தை, குடமெடுத்துப் போகிற பெண்கள். ஓரங்களில் பென்சிலால் 'இங்கே கம்பெனி பெயர்', 'சிவப்பு இன்னும் கூட்டு' என்று குறிப்புகள். முருகனும் மீனாட்சி கல்யாணமும் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு நாங்கள் நிறைய யோசித்தோம். சபைக் கூட்டத்தில் அவற்றை ஏலம் கூவுவது உங்களுக்கும் பொருந்தாது, அவற்றை வணங்குகிறவர்களுக்கும் மரியாதையாகாது. பெரியவரிடமே சொன்னோம். அவர் சிரித்து, "அது என் வீட்டுச் சுவத்துக்கு" என்று வாங்கிக்கொண்டார். ஆக, சங்கடம் எங்களுக்குத்தான் இருந்தது, அவருக்கு இல்லை.

ஒரு தாளில்கூடக் கையொப்பம் இல்லை. "பேர் ஏன் போடலை?" என்று கேட்டோம். "பேர் எதுக்கு? அது பிரஸ்ஸு படம்லா" என்றார்.

அந்தச் சொல் எங்களை விடவில்லை. சட்டம் தெரிந்த ஆதரவாளர் ஒருவரிடம் போனோம். அவர் 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு பொறுமையாய் விளக்கினார். அதை உங்களுக்கும் சொல்லுகிறோம். வாங்குகிறவர்களுக்கு அது தெரிந்திருப்பது நல்லது.

சம்பளத்துக்கு வேலை செய்யும்போது வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், காப்புரிமை முதலாளிக்கு. ஒருவர் கூலி கொடுத்துக் கேட்டு வரைவித்த ஓவியமானாலும் உரிமை வரைவித்தவருக்கே. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒரு நல்ல விதி வந்தது. அசல் ஓவியமோ சித்திரமோ பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், வரைந்தவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ அந்த விலையில் ஒரு பங்கு உண்டு. அது பத்து சதவீதத்துக்கு மேல் போகாது. ஆனால் உரிமைக்கு முதல் சொந்தக்காரராக இருந்த ஓவியருக்குத்தான் அந்தப் பங்கு. நம் பெரியவரைப் போன்ற அச்சகத்து ஆர்ட்டிஸ்ட் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறார். ஒன்று மட்டும் சட்டம் அவரிடமிருந்து எடுக்கவில்லை. 'இதை வரைந்தவன் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை. காப்புரிமை கைமாறிப் போனாலும் அது போகாது.

பெயர் ஒரு தாளுக்கு என்ன செய்யும் என்பதற்குப் பழைய உதாரணம் சொல்லுகிறோம். 1770-களின் கடைசியில் கல்கத்தாவில் தலைமை நீதிபதியாயிருந்த இம்பே என்பவருடைய மனைவி, தம் தோட்டத்தில் வளர்த்த பறவைகளையும் மிருகங்களையும் வரைய பாட்னா ஓவியர்களை அமர்த்தினார். ஷேக் ஜைனுதீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்று மூவர். தாள்களில் அவர்களுடைய பெயர் எழுதப்பட்டது. 1810-இல் அந்த ஓவியங்கள் லண்டனில் ஏலத்துக்குப் போய்ச் சிதறின. இன்று அவற்றில் ஒரு தாள் எங்கே ஏலத்துக்கு வந்தாலும் உலகம் திரும்பிப் பார்க்கிறது. நம்முடைய பக்கத்திலும், ராபர்ட் வைட் என்ற தாவர ஆராய்ச்சியாளருக்காக ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள் செடிகொடிகளை வரைந்தார்கள். வைட் அவர்கள் பெயரை மறைக்கவில்லை. ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். அதே காலத்தில் திருச்சியில் அப்பிரகத் தகட்டில் சின்னச் சின்னதாய் அழகான ஓவியம் வரைந்து விற்றவர்கள் அநேகர். அந்தத் தகடுகள் இன்றும் ஏலங்களுக்கு வருகின்றன. வரைந்தவர்கள் பெயர் பெரும்பாலும் வருவதில்லை.

ஆஸ்பத்திரிக்கும் ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் எங்களிடம் கேட்டார்கள். சமீபத்தில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். லியோன் எலியாஸ் வொலோடார்ஸ்கி என்ற டாக்டர் 1954-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில், மார்பு அறுவைச் சிகிச்சை பயிற்சிக்காக டில்லிக்கு வந்தார். எம். எஃப். ஹுசேனின் 'கிராம யாத்திரை' என்ற பெரிய ஓவியத்தை வாங்கி நார்வேக்குக் கொண்டுபோனார். 1964-இல் அதை ஆஸ்லோ பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார். அது அங்கே பல பத்து வருஷங்கள் சுவரில் தொங்கியது. 2025 மார்ச் மாதம் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் அதை ஏலம் விட்டபோது 1 கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல், நம் பணத்தில் சுமார் 118 கோடி ரூபாய்க்குப் போனது. அது எண்ணெய் வர்ண ஓவியம், நம்முடையவை வாட்டர் கலர். அது ஹுசேன், இது பெரியவர். ஒப்பிடுவதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பணம் டாக்டர்களைப் பயிற்றுவிக்கப் போகிறது என்று அறிவித்தார்கள். ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்கிய ஓவியம் ஆஸ்பத்திரி வேலைக்கே திரும்பியது. அதற்காகச் சொல்லுகிறோம்.

இனி இன்றைய ஏலத்துக்கு நாங்கள் வைத்துக்கொண்ட முறையைக் கேளுங்கள்.

முதலாவது, பெரியவர் கையில் இருந்தது என்பதனாலேயே தாள் அவருடையது என்று நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அச்சகத்தின் முதலாளி வீட்டாரைப் பார்த்து, டிசைன்களை அவருக்கே கொடுத்துவிட்டதாக எழுத்து வாங்கியிருக்கிறோம். அதன் நகல் ஒவ்வொரு ஓவியத்தோடும் வரும்.

இரண்டாவது, நீங்கள் வாங்குவது அந்த ஒரு தாளை. அதை அச்சடிக்கும் உரிமை அதோடு வராது. வீட்டில் மாட்டலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், விற்கலாம். காலண்டராக அடிக்கக் கூடாது.

மூன்றாவது, ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச விலை ஒன்று வைத்திருக்கிறோம். அதற்குக் கீழே கேட்டால் கொடுக்க மாட்டோம், திருப்பி எடுத்து வைப்போம். யாருக்கும் வருத்தம் வேண்டாம். ஒரு மனிதன் ஒரு வாரம் குனிந்து வரைந்ததை ஐம்பது ரூபாய்க்குத் தள்ளிவிட்டு அதைத் தர்மம் என்று சொல்ல எங்களுக்கு மனசில்லை.

நான்காவது, கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு வரைந்தவருக்கு. சட்டம் கேட்கவில்லை. நாங்கள் கேட்டுக்கொண்டோம். பெரியவர் மாட்டேன் என்றார். இரண்டு நாள் வழக்காடினோம். கடைசியில் அம்மாதான் தீர்ப்புச் சொன்னார்கள். "வாங்கிக்கிடுங்க. முப்பது வருஷமா வாங்காததுதானே" என்றார்கள். மீதி இரண்டு பங்கு தீக்காய வார்டின் கட்டுத்துணிக்கும் மருந்துக்கும். ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு அடுத்த மடலில் வரும்.

ஐந்தாவது, பெயர். பங்கு வாங்கச் சம்மதித்த அன்றைக்கு அவரிடம் கையொப்பமும் கேட்டோம். ஓவியத்தின் முன்பக்கத்தில் இப்போது கையொப்பம் போட்டால், வரைந்த காலத்திலேயே போட்டது என்று நாளைக்கு ஒருவர் நினைக்கக்கூடும். அது இன்னொரு அருவிப் படமாகிவிடும். ஆகவே பின்பக்கத்தில், பென்சிலால், கையொப்பமிட்ட தேதியோடு எழுதச் சொன்னோம். அவருடைய கை இப்போது நடுங்குகிறது. ஒரு பெயரை எழுத அவ்வளவு நேரமாகும் என்று நாங்கள் நினைக்கவில்லை. இருபத்துமூன்று தாளுக்கும் ஒரு மத்தியானம் முழுவதும் ஆனது. நடுவில் டீ வாங்கிக் கொடுத்தோம், ஆறிப்போனது. முடித்துவிட்டு முதல் தாளை மறுபடி எடுத்து, பெயரை ஒருமுறை வாசித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பேனாக் கத்தியால் பென்சிலைச் சீவி, எங்கள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

வாங்குகிறவர்களுக்கு வீட்டுப் பக்குவம் இரண்டு வார்த்தை. வாட்டர் கலருக்கு வெயில் ஆகாது, ஈரச் சுவரும் ஆகாது. தயவுசெய்து லாமினேஷன் செய்துவிடாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் அட்டை ஓரம் வைத்துச் சட்டம் போடச் சொல்லுங்கள். அமிலமில்லாத அட்டை என்று கேட்டு வாங்குங்கள். வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். உங்கள் வீட்டில் தாத்தா காலத்துத் தஞ்சாவூர் ஓவியமோ பழைய சித்திரமோ இருந்து, அது நூறு வருஷத்துக்கு மேற்பட்டதானால், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அதை அனுப்பிவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது.

எங்கள் பேச்சு முடிந்தது. பூசணிக்காய் ஏலத்தில் நீங்கள் காட்டுகிற அந்தத் தாராள மனசை இங்கேயும் எதிர்பார்க்கிறோம். ஆனால் கையைத் தூக்குவதற்கு முன்னால், எழுந்து போய் ஒவ்வொரு ஓவியத்தையும் ஒரு நிமிஷமாவது கிட்ட நின்று பாருங்கள். பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். தர்மத்துக்கு என்று வாங்குகிறவர் ஓவியத்தைப் பார்ப்பதில்லை. நீங்கள் பார்த்து, பிடித்து வாங்கினீர்கள் என்றால் ஆஸ்பத்திரிக்கும் சந்தோஷம், மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கும் சந்தோஷம்.

முதல் தாள், எண் 1. குற்றாலச் சாரல். இந்த அருவி கையால் வரைந்ததுதான். பூதக்கண்ணாடி மேஜைமேல் இருக்கிறது.